ஐந்தரை மணிக்காரர்

தனபாக்கியத்தின் கண்ணுக்கு அந்தமான் புரோத்ராபூரில் மனுஷன் என்று சொல்லத்தக்க ஒருவனும் குடியிருக்கவில்லை. மேட்டு வீட்டுச் சொக்கலிங்கம் ரேஷன் கடையில் எடை போடுகிறவன். தராசைத் தொட்டால் மட்டும் அவனுக்குக் கை நடுங்கும். பாலத்தடிப் பெங்காலிகள் குளம் வெட்டி மீன் விட்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்து அந்தக் குளத்தில் தவளைதான் பெருகியது. பாட்டன் காலத்தில் கைதியாகக் கப்பலேறி வந்த குடும்பத்து இராமகிருஷ்ணன் தமிழை மறந்து இந்தியிலேயே தும்முகிறவன். இருபது வருஷமாக இங்கேயே சாணி அள்ளிக்கொண்டிருப்பவளை இன்னும் 'மெயின்லேண்ட்வாலி', அக்கரைக்காரி, என்றுதான் கூப்பிடுவான். அவனுக்கு அவள் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. சொன்னால் அவனை மதித்ததாகிவிடும்.

கட்டின புருஷன் குழந்தைவேலுவுக்கும் அந்த வரிசையில்தான் இடம். ரோடு டிபார்ட்மெண்டில் ரோலர் ஓட்டுகிறவர். ரோலர் நகருகிற வேகத்தில்தான் அவர் பேச்சும் நகரும். "சோறு போடு." "சரி." "மழை வரும்." ஒரு நாளைக்கு இவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கப்பலில் நாலு நாளும் அவள் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. ஊமையனுக்கு வாக்கப்பட்டோம் என்று அன்றைக்கு முடிவுகட்டியவள் அதற்குப் பிறகு அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே மகள் ஜெயமணியை வடக்கே லாங் ஐலண்ட் தீவில் மர டிப்போ கிளார்க்குக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு, வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால் தனபாக்கியம் மாட்டை வைகிறாள் என்று அர்த்தம்.

அப்போதுதான் டிரான்சிஸ்டர் வந்தது. மருமகன் ஒரு கப்பல்காரனிடம் வாங்கிக் கொடுத்தது. மழைக்கு நனையாமல் மெழுகுசீலையில் சுற்றி மாட்டுக்கொட்டகைத் தூணில் மாட்டி வைத்தாள். அந்தமானில் சூரியனுக்கு மெயின்லேண்ட் கடிகாரம் தெரியாது. ஐந்து மணிக்கே பளீரென்று வந்துவிடும். ஐந்தரைக்கு இரண்டாவது மாட்டின் மடியில் கை வைக்கும்போது ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி தொடங்கும். கால் மணி நேரம், இரண்டு பாட்டு. பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஜம்புலிங்கம் பேசுவார்.

பேசுவதில் விஷயம் ஒன்றும் இருக்காது. "நேற்று அபர்தீன் பஜாரில் என் செருப்பு அறுந்து போச்சுங்க. ஒத்தைச் செருப்போட நடந்தா ஊரே பார்க்குது. ரெண்டையும் கழட்டிட்டேன். இப்ப யாரும் பார்க்கலை. ஊர் இப்படித்தான் இருக்கு." இன்னொரு நாள், "கப்பல் வரலை, அதனால வெங்காயம் வரலை. ஓட்டல்காரர் தோசையை வெச்சிட்டு, 'வெங்காயத்தை நினைச்சுக்கிட்டே சாப்பிடுங்க சார்'ன்னார். நினைச்சேன். கண்ணு கலங்குச்சு."

தனபாக்கியம் மாட்டின் விலாவில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரிப்பாள். பதினைந்து நாளாகக் கப்பல் வராத கஷ்டம் அவளுக்கும்தான்; ஆனால் அதைப் பற்றி அவளிடம் இப்படி யார் பேசினார்கள்? மற்ற நேரத்தில் ரேடியோவில் வந்து, பாலைக் காய்ச்சி வடிகட்டுங்கள் என்று யோசனை சொல்கிறவன் எல்லாம் மாட்டின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தறியாதவன். ஜம்புலிங்கம் ஒருவர்தான் தனக்குத் தெரிந்ததை மட்டும் பேசினார். அவருடைய குடை, அவருடைய ஜலதோஷம், அவர் சட்டைப் பொத்தான். பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி பஸ்ஸில் ஹாடோ அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்குப் போகும்போது அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அந்தக் குவார்ட்டர்ஸில் பால் ஊற்றுகிற ஒரு வீட்டில்தான் தெரிந்தது, ஜம்புலிங்கத்துக்கு இருக்க இடமில்லை, நாலு பேரோடு ஒரு அறையில் முடங்கிக் கிடக்கிறார் என்று. அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். "ஜெயமணி ரூமு சும்மாதான கெடக்கு. ரேடியோக்காரருக்கு விடலாம்னு இருக்கேன்."

"சரி" என்றார் குழந்தைவேலு.

ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கை, ஒரு பிளாஸ்க்கோடு ஜம்புலிங்கம் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். திருச்சிப் பக்கம். குரலை வைத்து அவள் ஆறடி ஆளாக நினைத்து வைத்திருந்தாள். வந்தவர் ஜன்னல் கொக்கிக்கு எட்டாமல் முக்காலி கேட்டார். முதுகில் வேர்க்குரு. அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. "அக்கா, உங்க வீட்டுக் காத்தே தனிக்கா" என்று அதே ரேடியோக் குரலில் சொன்னபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நாலே முக்காலுக்கு ஸ்டேஷன் ஜீப் ரோட்டு முனையில் வந்து ஆரன் அடிக்கும். அதற்குப் பத்து நிமிஷம் முன்பு அவள் போய்க் கதவைத் தட்டி எழுப்பி, பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக் கொடுப்பாள். பல்லும் விளக்காமல் நேற்றைய சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு ஓடுவார். ஐந்தரைக்கு ரேடியோவில், "விடிகாலை நாலு மணிக்குக் கிணத்துத் தண்ணியில நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டே குளிக்கிற சுகம் இருக்கே" என்பார். தனபாக்கியம் கொட்டகையில் உட்கார்ந்து அதையும் ரசித்தாள்.

இரண்டாவது வாரத்தில் அவள் வீடே ரேடியோவில் வர ஆரம்பித்தது. "நான் குடியிருக்கிற வீட்டு மாடு, கொடியில காய்ஞ்ச என் பனியனைத் தின்னிடுச்சு. வீட்டுக்கார அக்காகிட்டச் சொன்னேன். 'சார், இன்னைக்குப் பாலு கொஞ்சம் கெட்டியா இருக்கும்'னாங்க."

அன்று ஹாடோவில் எட்டு வீட்டுக்காரர்கள் அவளிடம் கேட்டுச் சிரித்தார்கள். இருபது வருஷமாக 'தூத்வாலி', பால்காரி, என்பதற்கு மேல் அவளுக்குப் பேரே இருந்ததில்லை. ரோடு டிபார்ட்மெண்ட் என்ஜினியர் பாலசுப்பிரமணியத்தின் மனைவி அலமு, "ரேடியோல வர்ற அக்கா நீதானாமேடி, சொல்லவேயில்லையே" என்று வாசல் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். தனபாக்கியம் உட்காரவில்லை. ஆனால் வீடு திரும்பும் வரை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளே தேடிப் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எட்டரை மணிக்கு ஜம்புலிங்கம் பஸ்ஸில் திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்ததும், இட்லியோடு ஒரு சேதியும் விழும். ஷூவுக்குள் பூரான் புகுந்தது; சொக்கலிங்கத்தின் தராசு; இராமகிருஷ்ணன் இந்தியில் தும்முவது. அவள் மனசில் ஊறிக் கிடந்த இளக்காரமெல்லாம் ஜம்புலிங்கத்தின் வாய்க்குள் போய், சர்க்கரை போட்டு வெளியே வந்தது. சொக்கலிங்கமே தராசுக் கதையைக் கேட்டுவிட்டு, யாரோ வேறு ஆள் என்று சிரித்தானாம். தனபாக்கியத்துக்கு அதில் இரட்டைச் சந்தோஷம்.

ஒரு நாள் அடைமழை. ஜம்புலிங்கம் இட்லியைப் பிட்டபடி, "அக்கா, நாளைக்கு ஒண்ணுமே இல்லைக்கா. மழையைப் பத்தி எத்தனை நாள்தான் பேசறது" என்றார்.

அவளிடமும் அன்றைக்குச் சரக்கு இல்லை. அவரை வெறுங்கையாக அனுப்ப மனசும் இல்லை. குழந்தைவேலு வேலைக்குப் போயிருந்தார்.

"எங்க வீட்டு ஆளு கதை ஒண்ணு இருக்கு. கேளுங்க சார்" என்றாள். "போன மாசம் கராச்சரமா எறக்கத்துல ரோலர் ஓட்டுறாக. ஓட்டுறாகன்னு நாஞ் சொல்றேன். இவுக தூங்குறாக, ரோலர் தன்னால ஊர்ந்து போவுது. சாமி சப்பரத்துல வாற மாதிரி மேல உக்காந்து ஆடிக்கிட்டே வாறாக. கீழ ஓவர்சியர் கிருஷ்ணமூர்த்தியோட சைக்கிளு நிக்குது. ஓவர்சியர் எங்க? டூட்டி நேரத்துல டீக்கடைல பரோட்டா தின்னுக்கிட்டிருக்காரு. ரோலரு சைக்கிள்மேல ஏறி எறங்கிருச்சு. அப்பளம். அப்பறம் ஓடைக்குள்ள போயி முட்டி நிக்கவும்தான் இவுக முழிச்சாகளாம். முழிச்சு, வானத்தப் பாத்து, 'மழை வருமோ'ன்னு கேட்டாகளாம்."

ஜம்புலிங்கத்துக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்டினாள்.

"ஓவர்சியர் என்ன செஞ்சார்?"

"அவரு என்னத்தச் செய்வாரு. டூட்டில பரோட்டா தின்ன கதை வெளிய வந்துருமே. சைக்கிளு களவு போயிருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் கப்சுப். கேங்குல வேலை பாக்குற கந்தன்தான் எங்கிட்ட வந்து சொன்னான். இவுக வாயத் தெறந்து சொல்லிட்டாலும்."

"பிரமாதம்க்கா" என்று ஜம்புலிங்கம் இன்னொரு இட்லி கேட்டார்.

மறுநாள் ஐந்தரைக்கு அது வந்தது. பேர் எதுவும் சொல்லவில்லை. 'எனக்குத் தெரிஞ்ச ஒரு ரோலர் டிரைவர்' என்றுதான் ஆரம்பித்தார். கராச்சரமா இறக்கம், சப்பரம், பரோட்டா, அப்பளம், மழை வருமோ, எல்லாம் இருந்தது. அவள் சொன்னதைவிட அழகாக இருந்தது. கொட்டகை வாசலில் தவிட்டுக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த குழந்தைவேலு நிமிர்ந்து தூணில் தொங்கிய டிரான்சிஸ்டரைப் பார்த்தார். பாட்டு ஆரம்பிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கை கழுவிவிட்டு வேலைக்குப் புறப்பட்டார். தனபாக்கியம் மாட்டுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் வற்றிய பிறகும் காம்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஹாடோவில் அலமு வாசலிலேயே காத்திருந்தாள். "உங்காத்துக்காரர் கதைதானேடி அது? அவர் ரோலர் ஓட்டறார்னு நீதானே சொல்லியிருக்கே. இவர் ஷேவ் பண்ணிண்டிருந்தார். சிரிக்க மாட்டேங்கறாரேன்னு பூராவும் நான்தான் திருப்பிச் சொன்னேன். 'கராச்சரமாவுல யாரு ரோலர்'னு கேட்டார். பால்காரி ஆத்துக்காரர்னேன். ஏண்டி, முகம் ஏன் இப்படிப் போறது? நான் தமாஷாத்தான் சொன்னேன்."

தனபாக்கியம் பாலை அளந்து ஊற்றினாள். இந்தப் பொம்பளைக்குத் தலைக்குள்ளே இருப்பது தயிரா, மோரா என்று யோசித்தபடி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் குழந்தைவேலு நடந்தே வந்தார். காலைக் கழுவினார். "ரோலரத் தொடக் கூடாதுன்னுட்டாக. சனிக்கெழமை விசாரணை."

"வேலை போயிருமோ?"

"ஆர்டர் வந்தாத் தெரியும்."

அவ்வளவுதான். நீதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லியிருந்தால் அவளும் திருப்பி நாலு வார்த்தை கத்தி, மனசைக் கழுவியிருப்பாள். அவர் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். நிரந்தரமாகாத வேலை. போய்விட்டால் ஊருக்குத்தான் கப்பலேற வேண்டும். ஊரில் யாரும் இல்லை. இருந்த துண்டு நிலத்தையும் பங்காளிகள் உழுதுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஜம்புலிங்கம் பலகையில் வந்து உட்காரும் வரை பொறுத்திருந்தாள். இட்லி வைக்கவில்லை.

"சார், ஒரு கடுதாசி எழுதித் தரணும். நேத்துச் சொன்னது கட்டுக்கதை, சிரிக்கிறதுக்காகச் சொன்னது, அப்படி யாரும் ரோலர் ஓட்டல, அப்படீன்னு. என்ஜினியர் சார்ட்டக் குடுக்கணும்."

ஜம்புலிங்கம் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அக்கா, அது எப்படிக்கா முடியும்? ரேடியோவுல பொய் சொன்னேன்னு நானே எழுதிக் கொடுக்கறதா? என் கான்ட்ராக்ட் என்ன ஆகும்? ஜனங்க என்னை ஏன் கேட்கறாங்க? நான் நிஜத்தைப் பேசறேன். கண்ணால பார்த்தது, காதால கேட்டது, அது மட்டும்தான் பேசறேன்."

"நாலு மணிக்குக் கெணத்துல நச்சத்திரம் பாத்துக் குளிக்கிறது?"

"அது வேறக்கா. அது ஒரு ரசனை."

"ஓகோ."

"நான் பேரே சொல்லலையேக்கா. பேர் சொல்லாம எத்தனை நாசூக்கா சொன்னேன்." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஒண்ணு செய்யறேன். நாளைக்கே பேசறேன். ரோலர் டிரைவர்கள் எவ்வளவு கஷ்டப்படறாங்க, வெயில்லயும் மழையிலயும் எப்படி நாட்டுக்காக ரோடு போடறாங்க. ரெண்டு நிமிஷம், உருக்கமா. கேட்டா உங்களுக்கே கண்ணு கலங்கும்."

தனபாக்கியம் அவரைக் கால்முதல் தலைவரை பார்த்தாள். கழுத்தில் அழுக்குக் கோடு, பல் விளக்காத வாய். காலைக் காப்பி உதட்டோரம் காய்ந்திருந்தது. இந்த வாய்க்குத்தான் மூன்று மாதமாக இட்லி அவித்தாள்.

"சார், மத்தியானப் பஸ்ஸு ஒண்ணரைக்கு" என்றாள். "பெட்டியக் கந்தன் வந்து தூக்கிக் குடுப்பான்."

"அக்கா, மழை கொட்டுதே. நான் எங்க போவேன்?"

"நாலு பேரு இருந்த ரூமுல உங்க எடம் சும்மாதான் இருக்கும். அதப் பத்திப் பேசுங்க. ஒரு வாரத்துக்கு வரும்."

போகும்போதும் ஜம்புலிங்கம் கோபப்படவில்லை. வாசலில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் காலை அவள் ரேடியோவைப் போடக் கூடாது என்றுதான் இருந்தாள்; கை தானாகப் போட்டுவிட்டது. "ஒரு தாயுள்ளத்தை விட்டுப் பிரிஞ்சு வந்திருக்கேன். பிரியும்போது அவங்களும் பேசலை, நானும் பேசலை. ரெண்டு பேர் கண்ணுலயும் மழை" என்றார். தனபாக்கியம் சாணிக் கையோடு எழுந்து போய் அதை நிறுத்தினாள். அடுத்த நாளும் போட்டாள். அடுத்த நாளும் நிறுத்தினாள். ஊரில் எல்லோரையும் எடைபோட்டு வைத்திருந்தவளுக்குத் தன்னை எந்தக் கணக்கில் வைப்பது என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை ரோடு ஆபீசுக்குப் புருஷனோடு அவளும் போனாள். யாரும் கூப்பிடவில்லை. குழந்தைவேலு வெளுத்த சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் பக்கம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்ஜினியர் பாலசுப்பிரமணியம் நல்ல மனுஷர் என்றுதான் பேர். மேஜைக்கு இந்தப்பக்கம் ஓவர்சியர் கிருஷ்ணமூர்த்தி கைக்குட்டையால் பிடரியை ஒற்றிக்கொண்டு நின்றார். சைக்கிள் களவு போனதாக எழுதிய காகிதம் மேஜைமேல் இருந்தது.

"சார், நான் ஒரு வார்த்தை சொல்லணும்" என்று தனபாக்கியம் முந்திக்கொண்டாள். "அந்த ரேடியோக்காரரு எங்க வீட்டுலதான் குடியிருந்தாரு. அவரு பேசுறதுல ஒரு சொல்லு நெசமில்ல சார். நாலு மணிக்குக் குளிக்கிறேம்பாரு. வாரத்துக்கு ரெண்டு நாளு குளிச்சா அதிசயம். சட்டையத் தொவைக்கிறேம்பாரு, தொவைக்கிறது நானு. எங்க மாடு பனியனத் தின்னுச்சும்பாரு. எங்க மாட்டுக்கு அந்த நாத்தம் ஆகாது சார். பக்கத்துலயே போகாது."

என்ஜினியர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அவளுக்குத் தைரியம் வந்தது. பூரானைப் பார்த்து முக்காலியில் ஏறி நின்றது, இட்லிக்குக் கணக்கே இல்லாதது, குரலுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பியூன்கூட வாசலில் வந்து நின்று கேட்டான். பேசப் பேச அவளுக்கே தெரிந்தது, ஜம்புலிங்கம் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் தானும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. நிறுத்த முடியவில்லை.

"அப்ப ரோலர் விஷயமும் கட்டுக்கதை. அப்படித்தானேம்மா?"

"ஆமா சார். பூராவும்."

என்ஜினியர் குழந்தைவேலு பக்கம் திரும்பினார். "என்னப்பா, உங்க வீட்டம்மா சொல்றது சரிதானா?"

குழந்தைவேலு தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "சரியில்ல சார். நான் தூங்கினது நெசம். சைக்கிள்மேல ஏத்தினதும் நெசம்."

அறையில் சிரிப்பு நின்றது. ஓவர்சியரின் கைக்குட்டையும் நின்றது.

"ஏன் தூங்கினே?"

"கண்ணு அசந்துருச்சு."

தனபாக்கியத்துக்கு அப்போதுதான் நாள் ஞாபகம் வந்தது. செவலை மாடு கன்று போட்ட ராத்திரிக்கு மறுநாள் அது. அவளுக்கு நல்ல காய்ச்சல். கன்று குறுக்கே கிடந்து, விடியும்வரை இந்த மனுஷர்தான் கொட்டகையில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் கன்றைத் துடைத்துத் தாயிடம் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போனார். கந்தன் வந்து சிரித்துச் சொன்னபோது அது அவளுக்கு உறைக்கவேயில்லை.

"சார், அதுக்கு மொத நாளு ராத்திரி எங்க மாடு..." என்று ஆரம்பித்தாள்.

என்ஜினியர் கையைக் காட்டினார். "போதும்மா. பூராவும் பொய்னு இப்பத்தான் சொன்னே. இனிமே நீ எதைச் சொன்னா நான் எதை நம்பறது?"

தீர்ப்பு பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் ஆபீசில் பேசிக்கொண்டார்கள். மறைக்காமல் ஒப்புக்கொண்டதால் வேலை தப்பியது. ரோலரிலிருந்து இறக்கி, கல் சுமக்கிற மஸ்தூர் கேங்கில் போட்டார்கள். மறுபடி ஏற்றுவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். ஓவர்சியருக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. அவர் வெளியே வந்து குழந்தைவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். தனபாக்கியம் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார்.

பஸ்ஸில் அவள் பொருமிக்கொண்டே வந்தாள். "அம்புட்டு நேரம் நான் கரைச்சதும் என்னத்துக்கு? அந்தாளு சிரிச்சு, விடுற மாதிரி வந்துட்டாரு. ஒரு 'ஆமா' சொல்ல வாய் வரலையா? உண்மை பேசி என்னத்தக் கண்டீக? கல்லுச் சொமக்கணும்."

"சரி" என்றார்.

அடுத்த நாலு வாரமும் மழை விட்டு விட்டுப் பெய்தது. கூடையில் உடைத்த ஜல்லியைத் தலையில் தூக்கி, குனிந்து கொட்டி, மறுபடி தூக்கி. அவரைவிட இருபது வயது இளையவர்களான பெங்காலிப் பையன்களும் தெலுங்குக்காரர்களும் செய்கிற வேலை. ரோலரில் இப்போது கந்தன் உட்கார்ந்திருந்தான். ஆறு மணி பஸ் அந்த வழியாகப் போகும்போது தனபாக்கியம் பால் கேனை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வாள். ஹாடோவில் அலமு, "இப்பல்லாம் ரேடியோல உங்காத்து சமாச்சாரமே காணோமே" என்று கேட்டாள். "எங்க வீட்டுல சமாச்சாரம் இல்லம்மா" என்றாள் தனபாக்கியம். அந்த வீட்டுக்குப் பால் ஊற்றுவதை மறுநாளோடு நிறுத்திக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம், ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்த நேரம், குழந்தைவேலு வந்து முற்றத்து வாளியில் கையை நனைத்து வைத்துக்கொண்டார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து, உடைந்து, மறுபடி கொப்பளித்திருந்தது. அவள் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் எடுக்கவில்லை. அவளே உட்கார்ந்து ஒரு கையை இழுத்து மடியில் வைத்துத் தடவினாள். இருபது வருஷத்தில் அந்தக் கையை இவ்வளவு நேரம் அவள் பிடித்ததில்லை.

"பாக்கியம்" என்றார்.

"என்னங்க?"

"அந்த ரோலர் கதை. அந்த ஆளுக்கிட்ட நீ சொன்னது. எப்படிச் சொன்ன?"

அவள் கை நின்றது. "எப்பவோ சொன்னது. அது என்னத்துக்கு இப்ப?"

"ரேடியோவுல கேட்டது அவன் சொன்னது. நீ சொன்னத நான் கேக்கலையே. சொல்லு."

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. காத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள். தலையைக் குனிந்து, அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சப்பரம் என்ற இடத்தில் குரல் ஒடுங்கியது. அப்பளம் என்ற இடத்தைத் தாண்டிவிடப் பார்த்தாள்; "அதையும் சொல்லு" என்றார். சொன்னாள். மழை வருமோ வரைக்கும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு எண்ணெயைத் தொட்டுத் தொட்டு ஒரே இடத்தில் தடவினாள்.

 கொட்டகையில் கன்று எதையோ தட்டிவிட்டது.

"நல்லாத்தான் சொல்லுற" என்றார். "'மழை வருமோ'ன்னு நான் கேக்கல. அது கந்தன் சேத்ததா இருக்கும், இல்ல நீ சேத்ததா இருக்கும். பரவாயில்ல. பிரேக்குப் பிடிக்கலங்கிறத விட்டுட்ட."

"என்ன பிரேக்கு?"

"ரோலருக்குப் பிரேக்கு தேஞ்சு மூணு மாசமாச்சு. நான் அசந்தது எறக்கத்து மேட்டுலயே. நகர ஆரம்பிச்ச உடனே முழிச்சுட்டேன். மிதிச்சேன், நிக்கல. ஆளுக மேல ஏறிடக் கூடாதுன்னு நாந்தான் ஓடைப் பக்கமாத் திருப்பினேன். சைக்கிளு நடுவுல நின்னுச்சு."

தனபாக்கியம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இத என்ஜினியர் சார்ட்டச் சொல்லலையே நீங்க."

"அவரு கேக்கல."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல."

குழந்தைவேலு கையை அவள் மடியிலிருந்து எடுத்து, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு கையை நீட்டினார்.

"நீயும் கேக்கல" என்றார்.